மில்லுக்குள் வந்த யானை

என் மகள் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் ஓர் இசை நாடகம் போடுவார்கள். மியூசிக்கல் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம். பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் பிள்ளைகளே. எந்தக் கதை என்பதை மட்டும் கடைசி வரை மூச்சு விடமாட்டார்கள். ஆயுத பூஜை லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நோட்டீஸ் போர்டில் கதையை நாலு வரியில் எழுதி ஒட்டுவார்கள். பத்து மணிக்கு ஆள் எடுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் எதையாவது யோசித்துக்கொண்டு போய் நடித்துக் காட்டவேண்டும். முன்கூட்டிச் சொன்னால் பெற்றோர் வீட்டில் வைத்துப் பழக்கிப் பிள்ளைகளைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று நாடக சார் ஒரு கூட்டத்தில் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது.

ஆக, கதை என்னவென்று யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் பிள்ளைக்கு வேஷம். செப்டம்பர் பிறந்தாலே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. ஒருத்தி கடல் கொள்ளைக்காரர்கள் என்பாள். அது மூணு வருஷத்துக்கு முன்பே போட்டாயிற்று என்று இன்னொருத்தி வெட்டுவாள். பனிநாட்டு அரண்மனையும் போட்டாயிற்று, பேசும் பொம்மைகளும் போட்டாயிற்று. எல்லாம் இங்கிலீஷில்தான். கோயமுத்தூர் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு பிள்ளைகள் பனியில் நடுங்கியதை நாங்கள் கை தட்டிப் பார்த்திருக்கிறோம்.

என் மகள் அந்தப் பனியில் மரமாக நின்றாள். கப்பலில் அலையாக நின்றாள். பொம்மைக் கடையில் அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற எதுவோ ஒன்று, அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பு. பத்துக்குப் போய்விட்டால் நாடகம் கிடையாது, பரீட்சை மட்டும்தான். லீவுக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடியே, தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்.

“இந்த வருஷமாச்சும் ஒரே ஒரு வரி பேசணும்மா.”

ஒரே ஒரு வரி. அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் நாங்கள், பின்வீட்டில் என் கொழுந்தனார் குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பம்புசெட்டு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கொழுந்தனாரின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. மூன்று வருஷமும் கதாநாயகி வேஷம் கட்டியது அவள். குரல் அப்படி. வாயைத் திறந்தால் தெருவில் போகிறவன் வண்டியை நிறுத்துவான். அவளுடைய அம்மா, அதாவது என் ஓரகத்தி, அதற்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. பாட்டு வகுப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் மூன்று பாட்டு வாத்தியாரை மாற்றினேன். ஒருத்தர் கடைசியில், அம்மணிக்குக் கணக்கு நல்லா வருதுங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொறாமைதான். வேறு நல்ல பேர் வைத்து அதை நான் அழைக்கப் போவதில்லை. ஓரகத்தியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் வைக்கிற ரசம் மணக்கும். அவள் நட்ட கறிவேப்பிலை கிளைவிட்டுப் போகும், நான் நட்டது பட்டுப்போகும். இத்தனைக்கும் அவள் கல்யாணத்துக்கு முன்னால் சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மூன்று வருஷம் வேலைக்குப் போனவள். நான் காலேஜ் முடித்துவிட்டு வந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு விசேஷ வீட்டில் யாரோ அவளிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, மில்லுக்குப் போயிட்டிருந்தா என்று ஓர் இழுவை இழுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் கதையைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். எனக்கு ஜாக்கெட் தைக்கும் டெய்லர் காந்திபுரத்தில் இருக்கிறார். பள்ளி நாடகத்துக்கும் அவர்தான் தைக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தைத்து முடித்த ஜாக்கெட்டைக் கை இறுக்கமாக இருக்கிறது என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் இடிபட்டுப் போய் இறங்கினேன். கடைக்குள் மூலையில் பச்சைத் துணி மலையாகக் கிடந்தது. அடர்ந்த, கண்ணைப் பறிக்கிற பச்சை. யாருக்கு என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“நம்ம ஸ்கூலுக்குத்தானுங்க அம்மணி. நாப்பது மீட்டர். அப்படியே ஒண்ணோட ஒண்ணு சேத்து ஒரே திரையாத் தெச்சுக் குடுக்கச் சொல்லிருக்காங்க.”

நாற்பது மீட்டர் பச்சை. ஒரே திரை. காடு! காடல்லாமல் வேறு என்ன? கப்பல் போயிற்று, பனி போயிற்று, இனி காடுதானே பாக்கி? ஜாக்கெட்டைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். வாட்ஸ்அப் குழுவில் அன்று, பாலைவனமாக இருக்குமோ என்று நானே ஒரு திரியைக் கொளுத்திப் போட்டேன். இருபது பேர் அதைப் பிடித்துக்கொண்டு ஒட்டகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். காட்டில் வளர்ந்த ஒரு பெண், அவளுக்கு ஒரு குட்டியானை என்று ஒரு காட்சியை நானே எழுதினேன். பாட்டும் நானே கட்டினேன், இங்கிலீஷில். மகளை யானை மாதிரி நடக்கவிட்டேன். ஒரு கையைத் தும்பிக்கையாக வைத்துக்கொண்டு ஹாலில் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குத் திருப்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சத்தியமங்கலம் வரை காரில் கூட்டிப்போனேன். மலையடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, காட்டைப் பார், சத்தத்தைக் கேள், மூச்சை இழு என்று உயிரை வாங்கினேன். அவள் பார்த்தாள், கேட்டாள், இழுத்தாள். பிறகு, அம்மா பசிக்குது என்றாள். காடு மாதிரிப் பசி என்று சொல்லிப் பார் என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வாரம்தான் ஓரகத்தி என்னிடம் கேட்டாள். மொட்டை மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க்கா, ஸ்கூல்ல என்ன கதைன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? புள்ள தவிச்சுப்போயிட்டா.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பாலைவனம் என்றாவது சொல்லியிருக்கலாம். மாடியிலிருந்து பார்த்தால் மூடிக்கிடக்கும் பழைய மில் ஒன்றின் நீளச் சுவர் தெரியும். என் கண் அதில் போய் விழுந்தது. நாக்கில் விஷம் ஊறியது என்பார்களே, அப்படித்தான்.

“மில்லுக் கதையாம் கண்ணு. மில்லுக்கு வேலைக்குப் போற ஒரு புள்ளையோட கதை. யாருகிட்டயும் சொல்லிராத.”

அந்தப் பொய்யில் எனக்கு இரண்டு கணக்கு. பள்ளியின் டிரஸ்டிகளில் பாதிப் பேர் மில் முதலாளி குடும்பம். தொழிலாளியின் கதையை அவர்கள் எந்தக் காலத்தில் மேடையேற்றுவார்கள்? ஆகவே நிச்சயம் நடக்காது. அது ஒன்று. இன்னொன்று, மில் என்ற சொல்லை அவள் முகத்துக்கு நேராக ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் கை நின்றுவிட்டது. பிழிந்த சட்டையைப் பிடித்தபடி, நெசமாலுமாங்க்கா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். சட்டையை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நன்றாகக் குத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

அடுத்த பத்து நாளும் பின்வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். திடீரென்று அமைதியாகிவிடும். பிறகு மறுபடியும் சிரிப்பு. இங்கே என் வீட்டிலோ, தும்பிக்கையை இன்னும் தூக்கு, முதுகை வளை என்று என் சத்தம் மட்டும்தான் கேட்டது. பொய்யை நம்பி உழைக்கிறார்கள் பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினோராம் நாள் உண்மையாகிப் போனது.

சனிக்கிழமை காலை நோட்டீஸ் போர்டு முன்னால் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். பள்ளியை ஆரம்பித்த பெரியவர் சின்ன வயதில் மில் தொழிலாளியாக இருந்தவராம். அந்த நினைவாக இந்த வருஷம் மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை, முதன்முறையாகத் தமிழில். அட கண்றாவியே! காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்ததென்றால் இப்படியா விழும்? யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயமும் இல்லை. கோயமுத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு மில்லுச் சுவரில்தான் போய் விழும். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் எங்கள் யாருக்கும் அது கதையாகவே தோன்றவில்லை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் இருந்தது. அவளை அவள் போக்கில் விட்டிருந்தால்கூட எதையாவது செய்திருப்பாள். நான் விடவில்லை. இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிறதே என்ற ஆத்திரம் எனக்கு. யானையையே செய், எப்படியாவது மில்லுக்குள்ளே கொண்டுவந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன்.

ஆள் எடுப்பு ஹாலில் நடந்தது. நாங்கள் வராந்தா ஜன்னலில் நின்று பார்த்தோம். என் மகள் கையைத் தும்பிக்கையாகத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, நான் கட்டிய இங்கிலீஷ் பாட்டை இரண்டு வரி பாடினாள். நாடக சார் நல்ல மனுஷன். அன்பாகத்தான் கேட்டார்.

“மில்லுக்குள்ள யானை எப்படிம்மா வந்துச்சு?”

ஹாலே சிரித்தது. அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். யானை எப்படி வந்தது என்று எனக்கல்லவா தெரியும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் வாரிய மண் என் பிள்ளை தலையில் விழுந்தது.

அடுத்து ஓரகத்தி மகள் வந்தாள். பாடவே இல்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொள்வதுபோல் அடைத்துக்கொண்டு, நீளமான மெஷின் ஒன்றின் ஓரமாக நடப்பதுபோல் நடந்தாள். அறுந்த நூலை இரண்டு விரலால் பிடித்து ஒட்டினாள். தூரத்தில் நிற்கும் தோழி ஒருத்தியைப் பார்த்துக் கையாலேயே, சாப்பிட்டியா என்று கேட்டாள். மெஷின் இரைச்சலில் பேச்சுக் கேட்காதாம், மில்லில் அப்படித்தான் ஜாடையில் பேசிக்கொள்வார்களாம். கதாநாயகி வேஷம் அவளுக்கு. என் மகளை மெஷின் கூட்டத்தில் போட்டார்கள். சாம்பல் நிறச் சட்டை, இருபது பேர், வரிசையாக நின்று கையை ஆட்டவேண்டும். வசனம் இல்லை.

அன்று சாயங்காலம் ஓரகத்தி ஒரு தட்டு நிறையப் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மகள் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள் ஓரகத்தி.

“நீங்க சொல்லலைன்னா நான் மில்லுக்குப் போனதை அவகிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேனுங்க்கா. சிரிப்பாளோன்னு பயந்து இத்தன வருசம் மறைச்சே வெச்சுட்டேன். இப்ப அவ என்னையப் பாக்கறதே வேற மாதிரி இருக்குதுங்க. உங்களுக்கும் ஒரு புள்ள இருக்கறப்ப எனக்குச் சொன்னீங்க பாருங்க, வேற யாரு சொல்லுவாங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நெய் வாசனை வீடெல்லாம் நின்றது. நான் திரும்பவில்லை. மகள் என்னையே பார்ப்பது முதுகில் தெரிந்தது.

“சித்திக்குச் சொல்லியிருக்கே. எனக்கு ஏம்மா சொல்லலே?”

அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் நான் என் ஓரகத்திக்குக் குழி வெட்டியவள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், பெற்ற மகளை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைக்கு வழி காட்டியவள் ஆவேன். இரண்டில் எது குறைந்த அசிங்கம் என்று எடைபோட்டுப் பார்த்தேன். எடை முடியவில்லை. மறந்துபோச்சு கண்ணு என்று சொல்லிவைத்தேன். அவள், சரி என்றாள். ஒப்புட்டைத் தொடவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் என்னிடம் பேசியதெல்லாம் ‘ம்’, ‘சரி’, ‘வேண்டாம்’. கோபித்துக் கத்தினால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் கத்தவில்லை. ஒத்திகை முடிந்ததும் பின்வீட்டுக்குப் போய்விடுவாள். மெஷின் எப்படி ஓடும் என்று சித்தியிடம் கேட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இப்போது அந்தச் சிரிப்பில் என் மகள் குரலும் கேட்டது.

ஆண்டு விழா அன்று இரண்டாவது வரிசையில் நானும் ஓரகத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். திரை விலகியதும் மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரையில் நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரம் சுழன்றன. அந்தக் கதிர்களுக்கு முன்னால் பிள்ளைகள் நிற்பதுபோலவே முன்கூட்டிப் படமெடுத்து ஓட்டினார்கள். அந்தப் பச்சைத் துணியைப் பின்னால் கட்டிப் படம்பிடித்து, துணி இருக்கிற இடத்தில் கம்ப்யூட்டரில் மில்லை வைத்துவிட்டார்களாம். பக்கத்தில் இருந்த ஒரு அப்பா விளக்கினார். என் காடு போன இடம் அப்போதுதான் தெரிந்தது.

என் மகள் கடைசி வரிசை மெஷின். இடது ஓரத்திலிருந்து நான்காவது. கை கொஞ்சம்கூடப் பிசகவில்லை. ஒன்றரை மணி நேரம் தாளம் தப்பாமல் ஓடினாள். மற்ற பிள்ளைகள் நடுவில் கூட்டத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், மூக்கைச் சொறிந்தார்கள். அவள் இல்லை. நிஜமாகவே ஒரு மெஷினைப் பார்த்ததுபோல் இருந்தது. நன்றாகச் செய்கிறாள் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லிக் கொடுத்ததும் நானில்லை.

கடைசியில் எல்லாரும் கை தட்டும்போது ஓரகத்தி மகள் மேடை நுனிக்கு வந்து, கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடி, கையால் கேட்டாள். சாப்பிட்டியா? என் பக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டே கையைத் தூக்கிப் பதில் ஜாடை காட்டினாள். அந்தக் குரலுக்காக, அந்த வேஷத்துக்காக மூன்று வருஷம் எரிந்தேனே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போதுதான் எனக்கு உண்மையாக எரிந்தது. நானும் என் மகளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். என்ன ஜாடை காட்டுவது என்று தெரியவில்லை. சும்மா ஆட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

வெளியே மைதானத்தில் கார் பக்கத்தில் அவள் கன்னத்துச் சாம்பல் மையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

“அது பொய் கண்ணு. மில்லுக் கதைன்னு உங்க சித்திகிட்டப் பொய்யா ஒண்ணச் சொன்னேன். அவங்க ஏமாந்துபோகட்டும்னு. உனக்கு மட்டுந்தான் நெசத்தைச் சொன்னேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். பாதிக் கன்னம் இன்னும் சாம்பலாக இருந்தது.

“அந்தப் பொய்யை எனக்கும் சொல்லியிருக்கலாம்லம்மா.”

துணியை மடித்து என் கையில் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் சித்தி வண்டில வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.